நீமாவுக்குத் திறக்காத மண்டபம்

ஜெனிட்டா, நேற்று நீ பந்தல்காரரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்து காட்டியதை நம் மண்டபத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை எந்தப் பக்கம், பந்தி எந்தப் பக்கம், கை கழுவ எங்கே இடம் விடுவது என்று நீ கையை நீட்டி நீட்டிச் சொன்னாய். அவர் கயிறு பிடித்து அளந்துகொண்டே வந்தவர், நடுவில் நிமிர்ந்து ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தார். விராலிமலையில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவனின் ஒரே மகள், கல்யாணச் சாப்பாட்டை மைதானத்தில் போடுகிறாளே என்று அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? உன்னிடம் அவர் ஏதோ கேட்டார். நீ சொன்ன பதில் லாரிச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. நான் உள்ளே வந்து ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் இந்த ஏற்பாட்டை நீ முதலில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆவூர்க் கோயிலில் திருப்பலி முடிந்து நேரே நம் மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று நான் மனதில் போட்டு வைத்திருந்தேன். நாற்காலிகளுக்குப் புது உறைகூடச் சொல்லியிருந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நீமா வாராப்பா. அவள மறுபடியும் அந்த வாசப்படியில நிக்க வைக்க என்னால முடியாது" என்றாய். ஊரில் நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது என்று கத்தினேன். உன் அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், எனக்கு இல்லை, உனக்கு. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, இந்த வீட்டில் யாரும் அதை மறக்கவில்லை. என் எதிரில் பேசாமல் இருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நேரில் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை உன் அறை வாசல்வரை வந்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் பூக்காரர் வந்தாரா, சேலைக்கு ஃபால்ஸ் அடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்வார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தியெல்லாம் நான் செய்த தப்பிலிருந்து வந்தவைதான். பொறுமையாகப் படி. உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், தெரியாதது ஒன்றும் இருக்கும்.

நீ பிறந்த அன்றிலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வெளியே வந்து பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "புள்ள கலரா இருக்கா?" என்பதுதான். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்களாட்டம்தான் இருக்கு" என்று சொல்லிப் போனார். என் நிறம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை, கரிக்கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன முதல் இடத்தில், மாப்பிள்ளை இருட்டில் நின்றால் தெரியாது என்று உள்ளே யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. இவ்வளவு பட்டவன், பட்டதை வைத்து ஒரு பாடமும் கற்கவில்லை. அந்தப் பேச்சு உன்மேலும் விழுந்துவிடக் கூடாது என்று பயந்து, அந்தப் பேச்சுக்காரர்களில் நானும் ஒருவனாகிவிட்டேன். பத்தாவது படிக்கும்போது உனக்கு முகம் வெளுக்க க்ரீம் வாங்கிக் கொடுத்தது நான். வெயிலில் வாலிபால் ஆட வேண்டாம் என்று டீமிலிருந்து உன்னை நிறுத்தியது நான். வரன் என்று பேச்செடுப்பதற்கு முன்பே ஸ்டுடியோவில் உன் போட்டோவைக் கொடுத்து, கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச் சொன்னதும் நான்தான். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ, "இது யாருப்பா?" என்று கேட்டாய். வேடிக்கையாகக் கேட்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீமா வந்தாள். பார்மசி படிக்கப் போன இடத்தில் உனக்கு ரூம்மேட்டாக வந்த தான்சானியா பெண். முதல் கிறிஸ்துமஸுக்கு, ஹாஸ்டலில் தனியாக இருப்பாள் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தாய். திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நின்றும், அவள் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை என்று வந்ததும் வராததுமாகச் சொன்னாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடும்மா, வெள்ளந்தி சனங்க" என்றேன். நீமாதான், "எனக்குக் கால நீட்டி ஒக்கார எடம் கெடச்சுச்சுப்பா" என்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நீ அப்பா என்பதைக் கேட்டுக் கேட்டு அவளும் வந்த நாள் முதல் அப்பா என்றே கூப்பிட்டாள். நடுச்சாமத் திருப்பலியில் உன் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் அம்மியடியில் உட்கார்ந்து தேங்காய் அரைத்தாள், எங்கள் ஊரிலும் தேங்காய்தான் எல்லாத்துக்கும் என்றாள். மூன்று வருடத்தில் ஈஸ்டர், பொங்கல் எதுவானாலும் அவள் நம் வீட்டில்தான் இருந்தாள். எனக்கு அவள்மேல் பாசம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது இன்னும் லேசாகிவிடும். ஆனால் டீக்கடையில் ஒருத்தர், "எங்கண்ணே புடிச்சீங்க இந்தப் புள்ளய, காட்டுலயா?" என்று கேட்டபோது நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன். டீயை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவள் பரிமாறிய சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

கடைசி வருடம், மாசி மாதத்துக்கு முன்னால், அந்த விழா யோசனையோடு இரண்டு பேரும் வந்தீர்கள். உலகத்தில் பல ஊர்களில் கறுப்பின மக்களின் வரலாற்றையும் சாதித்தவர்களையும் கொண்டாட வருடத்துக்கு ஒரு மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நீமாதான் சொன்னாள். காலேஜில் அவர்கள் நாட்டுப் பிள்ளைகளும், சூடான், ருவாண்டா பிள்ளைகளும் சேர்ந்து அதை நடத்த ஆசைப்பட்டார்கள். காலேஜுக்குள் நடத்தினால் காலேஜ்காரர்கள்தான் பார்ப்பார்கள், ஊர்ச்சனம் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். "கடையில, பஸ்ல எல்லாரும் சிங்கத்தப் பத்தித்தான் கேக்கறாங்கப்பா. நான் சிங்கத்த ஜூவுலகூடப் பாத்ததில்ல. எங்க பெரியம்மா டாக்டர். அத யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள். கேட்காமல் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சாப்பாடு போட்டுச் சொல்லலாம் என்றாள். நம் மண்டபத்தைக் கேட்டீர்கள். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உடனே சொன்னேன். அப்போது நான் மனதாரத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் நம் வீட்டுக் கூடமே சார்ட் அட்டையும் பசையுமாகக் கிடந்தது. அவள் சொல்லச் சொல்ல நீ தமிழில் எழுதினாய். அவளுடைய பெரியம்மா அவர்கள் ஜில்லாவின் முதல் பெண் டாக்டர், ருவாண்டாப் பெண்ணின் அம்மா ஒரு நீதிபதி, சூடான் பையனின் அப்பா ஆற்றுப் பாலம் கட்டிய இன்ஜினியர். பழைய கதைகளுக்குத் தனியாக அட்டைகள். அவர்கள் கடற்கரையில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டி விற்ற சந்தையைப் பற்றி எழுதும்போது நீமா எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். வந்து என்னிடம், "அப்பா, உங்க குடும்பத்துல யாரையாச்சும் கப்பல்ல கொண்டு போயிருக்காங்களா?" என்று கேட்டாள். எங்கள் தாத்தாவின் அண்ணன் அந்தோணிமுத்து, கங்காணி பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை என்று சொன்னேன். எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. அவள் அதை ஒரு அட்டையில் எழுதச் சொல்லி, தங்கள் ஆட்களின் அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். நம் குடும்பத்தில் யாரும் அந்த மனிதரின் பெயரை எங்கும் எழுதி வைத்ததில்லை. அவள்தான் எழுத வைத்தாள்.

இனிமேல் சொல்லப்போவதில்தான் உனக்குத் தெரியாதது இருக்கிறது. சமையல் கான்ட்ராக்டர் சண்முகம் என்னை மிரட்டினார், இந்த விழாவை நடத்தினால் இனி ஒரு கல்யாணமும் இங்கே வராது என்றார், வேறு வழியில்லாமல் செய்துவிட்டேன் என்று அன்று சாயங்காலம் உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொன்னேன். அது பொய். சண்முகம் வெள்ளிக்கிழமை பாத்திரம் எடுக்க வந்தார். நாளைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். "ஆப்பிரிக்காப் புள்ளைகளா? நல்லாத்தான் இருக்கும்ணே" என்று சிரித்துக்கொண்டே பாத்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் நானாகவே சேர்த்துக்கொண்டேன். ஊர் பேசும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த வீட்டாரை நினைத்தேன். விழாவில் போட்டோ எடுப்பார்கள், எல்லாரும் ஃபோனில் போடுவார்கள், அவர்கள் நடுவில் நீ நிற்பாய். ஸ்டுடியோக்காரர் வெளுப்பாக்கிக் கொடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதையும் பார்ப்பார்கள். அந்த வரிசையில் உன்னையும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிடுவார்களே என்று நினைத்தேன். நான் மண்டபத்தைப் பூட்டியது சண்முகத்துக்குப் பயந்து இல்லை. உன் நிறத்துக்கு வெட்கப்பட்டு.

விடிந்ததும் மண்டபத்துக்குப் போய் கரண்ட் போர்டிலிருந்து ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவைப் பூட்டினேன். நீங்கள் வேனில் வந்து இறங்கினீர்கள். பெரிய பெரிய சட்டியில் பிலாவ் சோறு, எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டி, பிரம்புக் கூடைகளில் பழம், ஒரு நீளமான மேளம். எல்லாரும் அவரவர் ஊர்த் துணி உடுத்தி, கல்யாண வீட்டார் மாதிரி இருந்தார்கள். வாசலில் நின்று, போர்டு எரிந்துவிட்டது, ஆள் வந்து பார்க்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்றேன். நீ உடனே நம்பினாய். அவர்களிடம் திரும்பி, அப்பா பாவம், காலையிலிருந்து அலைந்திருப்பார் என்று எனக்காக ஆங்கிலத்தில் பரிந்து பேசினாய். நீமா, "கரண்ட் வேணாம்ப்பா. சன்னலத் தொறந்தா வெளிச்சம் வரும்" என்றாள். வேண்டாம்மா, சுவரெல்லாம் ஷாக் அடிக்கும் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பார்வையை இறக்கிக்கொண்டு, இறக்கி வைத்த சட்டியைத் திரும்ப வேனில் ஏற்றச் சொன்னாள். நீ கண்டுபிடிப்பதற்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நீ விடவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த மண்டபத்தில் ஓடித் திரிந்தவள், எந்த ஸ்விட்ச் எதற்கு என்று எனக்கே சொல்லிக் கொடுப்பவள். ஆபீஸ் ரூமின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியே உள்ளே போய் போர்டைத் திறந்து பார்த்தாய். அங்கே நின்றபடியே, "எரியலயேப்பா. கேரியரத்தான் காணோம்" என்று குரல் கொடுத்தாய். வெளியே வந்தாய். என் சட்டைப் பை கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய். எடுத்துத் தா என்று கேட்பாய் என நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீ படியிறங்கிப் போனாய்.

அந்த நேரம் பார்த்து எதிர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து அருள் சார் பிள்ளைகளை வரிசையாக ரோட்டைக் கடக்க வைத்து அழைத்து வந்தார். நீ கேட்டுக்கொண்டதால் விடுமுறை நாளிலும் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார். அப்போது அவர் புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். என்ன ஏது என்று அவர் யாரையும் துருவவில்லை. எங்கள் வராந்தா நீளமாகத்தான் இருக்கிறது, அங்கே வையுங்கள் என்றார். தலைமையாசிரியருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். பிள்ளைகளே ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்த உன் அம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர்கள் பின்னாலேயே போனாள். நான் இருட்டு மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். மேளம் கேட்டது. பிள்ளைகள் கைதட்டுவது கேட்டது. இருக்க முடியாமல் போய்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றேன். நீமா தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தோணிமுத்துவின் அட்டையைக் காட்டி, கப்பலில் போனவர்கள் எங்கள் பக்கமும் உண்டு, உங்கள் பக்கமும் உண்டு என்றாள். ஒரு பிள்ளை எழுந்து, "எங்க தாத்தாவும் போனாருக்கா" என்றது. கடைசியில் நன்றி சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு, அருள் சாருக்கு, ஊர்க்காரர்களுக்கு. அதோடு, "ஹால் குடுக்கணும்னு நெனச்ச அப்பாவுக்கும்" என்றாள். யாருக்கும் அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவள் அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை. படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது உன் அம்மாவுக்கு மட்டும் ஃபோன் செய்து போயிட்டு வாரேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஃபோனைக் கேட்டு வாங்கியிருக்கலாம். பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துகொண்டேன். விழா நின்றுபோகவில்லை. அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீயும் அருளும் அதே வராந்தாவில் நடத்தினீர்கள். அதற்கடுத்த வருடம் கூட்டம் வராந்தா கொள்ளாமல் மைதானத்துக்கு வந்தது. ஓட்டப்பந்தயம் வைத்தீர்கள், ஊர்ப் பெண்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கோலம் சொல்லிக் கொடுத்தார்களாம். யார் பேரைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டேனோ அந்தச் சண்முகம் பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததையும், அவரே ஒரு அண்டா எலுமிச்சை சாதம் செய்து கொண்டுபோய்க் கொடுத்ததையும் உன் அம்மா வந்து சொன்னாள். ஊர் பேசும் என்று நான் பயந்தேன். ஊர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. நான்தான் இரண்டு வருடமும் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டேன்.

அந்த விழாவில்தான் உனக்கு மாப்பிள்ளையும் கிடைத்தார். அருள் வீட்டார் பேச வந்தபோது நான் வழக்கம்போல ஸ்டுடியோ போட்டோவை எடுத்து நீட்டினேன். அருளின் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். தன் ஃபோனை எடுத்து, எங்க வீட்டுல இந்தப் படந்தாங்க இருக்கு என்று காட்டினார். வராந்தாவில் நீமாவும் நீயும் தோளில் கை போட்டுக்கொண்டு வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற படம். எந்தப் படத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் மண்டபத்தைப் பூட்டினேனோ, அதைப் பார்த்துத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். நான் காபி கொண்டுவரச் சொல்கிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விட்டேன்.

அருளிடம் உனக்கு ஒரு குறையும் இருக்காது. இருந்தாலும் பெற்றவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். குடும்பத்தில் யார் தப்புச் செய்தாலும் ஊர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க விடாதே, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று உன் புருஷன் எப்போதாவது சொன்னால், ஊரில் யார் சொன்னது, பேரைச் சொல்லு என்று கேள். என்னை அப்படி யாராவது கேட்டிருந்தால் என்னால் ஒரு பேரும் சொல்லியிருக்க முடியாது. உனக்குப் பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் நிற்பேன், நிற்க விடுவாய் என்று நம்புகிறேன். அங்கே என்ன கேட்கக் கூடாது என்பது எனக்கு இப்போது தெரியும். பிறகு, என்மேல் உனக்கிருந்த கோபத்தை நீ மூன்று வருடம் மரியாதைக்குள் மூடி வைத்தாய். சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்டுக்கொண்டே என்னை விட்டுத் தள்ளிப் போய்விட்டாய். அருளிடம் அப்படிச் செய்யாதே. சண்டை போட்டுவிடு. மரியாதையாகத் தள்ளி வைக்கப்பட்டவனுக்குத் திரும்பி வர வழி தெரிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் நம்பர் வாங்கி நீமாவுக்கு ஃபோன் செய்தேன். அவர்கள் நாட்டில் தார் எஸ் சலாம் நகரத்து ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். தமிழ் கொஞ்சம் மறந்திருக்கிறது, ஆனால் பேசினாள். "நல்லா இருக்கீங்களா அங்கிள்?" என்றாள். அங்கிள் என்றதும் நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நீமா, அன்னைக்குப் போர்டு எரியலம்மா. ஒங்கள உள்ள விடக் கூடாதுன்னு நாந்தான் செஞ்சேன்" என்றேன். "தெரியும் அங்கிள்" என்றாள். "எனக்குக் கோவம் வரல. வெக்கமா இருந்துச்சு. வேன்ல வரும்போதெல்லாம் என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, எங்க வீட்டுக்குத்தான் போறோம்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

மன்னித்துவிடு என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நீங்கள் ஃபோன் செய்தது நல்லது என்று மட்டும் சொன்னாள். கல்யாணத்துக்கு வருகிறாள், ஆனால் நம் வீட்டில் தங்க மாட்டாளாம், திருச்சியில் ரூம் போட்டிருக்கிறாளாம். அவளுடைய அம்மாவும் வருகிறார். அதன்பிறகு அவள் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு நடந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. மகள் தூரதேசத்தில் அவமானப்பட்டாள் என்று தெரிந்தால் அம்மா தாங்க மாட்டார் என்று, ஜெனிட்டாவின் அப்பா மண்டபம் கொடுத்தார், விழா நன்றாக நடந்தது என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்த அம்மா என்னைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று அங்கேயிருந்து ஏதோ துணி நெய்து வாங்கிக்கொண்டு வருகிறாராம். நான் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அத நான் சொல்ல முடியாது அங்கிள். நீங்கதான் யோசிக்கணும்" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

யோசித்துவிட்டேன். அந்த அம்மா துணியை நீட்டுவதற்கு முன்னால் நான் பேசிவிட வேண்டும். சும்மா நின்று வாங்கிக்கொண்டால் இரண்டாவது முறையும் அதே தப்பு. அவர் பாஷை எனக்குத் தெரியாது, அவருக்குப் புரிகிற ஆங்கிலமும் எனக்குப் பேச வராது. நீமாவை மொழிபெயர்க்கச் சொன்னால், அவள் பட்ட அவமானத்தை அவள் வாயாலேயே அவளுடைய அம்மாவுக்குச் சொல்ல வைப்பதாகும். உன்னிடமும் கேட்க மாட்டேன், கல்யாணப் பெண்ணுக்கு அந்த வேலை வேண்டாம். அதனால் அருளிடம் இரண்டு வரி ஆங்கிலத்தில் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, எழுதும்போதே அவருக்குப் புரிந்திருக்கும். மண்டபம் பூட்டியிருந்தது, பூட்டியவன் நான் என்பது முதல் வரி. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை என்பது இரண்டாவது வரி. தினமும் காலையில் ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரிக்கு வந்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன். அவர்கள் வந்து இறங்குவதற்குள் அதையும் சொல்லப் பழகிவிடுவேன்.